வைக்கோல், மண், கண்: துர்கா பூஜையில் ஒரு சினிமாப் பயணம்

பஞ்சமி, குமார்டுலி

ஷோபாபஜார் மெட்ரோவில் இறங்கி ஆற்றை நோக்கி நடந்தால் சற்று நேரத்தில் குமார்டுலி. சந்துகள் அவ்வளவு குறுகல், எதிரில் துர்கை வந்தால் நாம்தான் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். இன்று அவள் வந்துகொண்டே இருந்தாள். கடைசி நேரச் சிலைகள் லாரி ஏறும் நாள் இது. கைகளில் செய்தித்தாள் சுற்றி, மூங்கில் கழிகளில் கட்டி, "பார்த்து, பார்த்து" என்று கத்திக்கொண்டே தூக்கிப் போகிறார்கள்.

துர்கை கிளம்பினாலும் கொட்டகைகள் காலியாகவில்லை. அமாவாசையன்று காளி பூஜை வருகிறதே, அதற்கான உருவங்கள் வரிசையாக நிற்கின்றன. மூங்கில் சட்டத்தில் சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டிய வைக்கோல் உடல்கள். தலை இல்லை, விரல்கள் இல்லை. அவற்றைத் தனியே செய்து பிறகு பொருத்துவார்கள். வைக்கோல் மேல் உமி கலந்த களிமண், அது காய்ந்து வெடித்த இடங்களில் ஈரத்துணிப் பட்டை, அதற்கு மேல் நைசான ஆற்று மண், பிறகு வெள்ளைப் பூச்சு, வண்ணம். கண் கடைசியில்தான். துர்கைக்கு மஹாளய அமாவாசையன்று கண் திறப்பது மரபு. மண்ணிலும் ஒரு மரபு உண்டு. பாலியல் தொழிலாளர் வீட்டு வாசல் மண் ஒரு பிடியாவது கலக்க வேண்டும். பக்கத்திலேயே சோனாகாச்சி இருக்கிறது. அந்த மண்ணுக்குப் புண்ணிய மண் என்று பெயர். அந்தப் பெண்களுக்குத்தான் அந்தப் பெயர் கிடைப்பதில்லை.

நான் இங்கே வந்ததற்குக் காரணம் பக்தி இல்லை, சினிமா. சத்யஜித் ரேயின் ‘தேவி’ (1960) ஒரு முகத்தோடு தொடங்கும். வெறும் வெள்ளையாக, கண் இல்லாமல் ஒரு மண் முகம். எழுத்துகள் ஓட ஓட அதற்குக் கண் வருகிறது, அலங்காரம் ஏறுகிறது. கதையே அதுதான். ஒரு சாதாரண முகத்தின் மேல் மற்றவர்கள் எழுதிக்கொண்டே போகிறார்கள். ரிதுபர்ணோ கோஷின் ‘அந்தர்மஹால்’ (2005) இதைத் திருப்பிப் போடும். துர்கைக்கு விக்டோரியா ராணியின் முகத்தை வைத்து ஆங்கிலேயரை மகிழ்விக்க நினைக்கிறார் ஜமீன்தார். சிற்பி வைத்தது ஜமீன்தாரின் இளைய மனைவியின் முகத்தை. அதற்கு அந்தப் பெண் கொடுக்கும் விலை பெரியது.

சஷ்டி, போரால்

கரியா வரை மெட்ரோ, அங்கிருந்து ஆட்டோ. ‘பதேர் பாஞ்சாலி’ எடுக்கப்பட்ட ஊர் இப்போது நகரத்துக்குள் கரைந்துவிட்டது. குளங்கள் சில மிச்சம் இருக்கின்றன. மற்றபடி வீடு, கடை, பந்தல், ஒலிபெருக்கி. பார்க்க அதிகம் இல்லை, மதியத்துக்கு முன் திரும்பிவிட்டேன்.

ரயிலும் காஷ் பூவும் வரும் காட்சி போராலில் எடுத்தது இல்லை, பர்த்வான் பக்கம் பால்சிட்டில். காஷ் என்பது நம் நாணல் வகைதான். அது வெள்ளையாகப் பூத்தால் துர்கா பூஜை நெருங்கிவிட்டது என்று வங்காளிகளுக்குத் தெரியும். ரே பாதி எடுத்துவிட்டு அடுத்த வாரம் போனபோது மாடுகள் பூவை மேய்ந்துவிட்டிருந்தன. அடுத்த ஆண்டுப் பூவுக்காகக் காத்திருந்தார்கள்.

அந்த வயலில் ஓடும் பெண்ணின் பெயர் துர்கா. விபூதிபூஷணின் நாவலிலும் (1929) அதே பெயர். வங்கத்துத் துர்கை மகிஷனைக் கொன்றவள் மட்டும் இல்லை, புகுந்த வீட்டிலிருந்து நாலு நாள் தாய்வீட்டுக்கு வரும் மகள். வருவாள், உண்பாள், போய்விடுவாள். நாவலின் துர்காவும் அப்படித்தான், பாதியில் போய்விடுகிறாள். படத்தில் அவள் இறந்தபின், அவள் திருடியதாகச் சொல்லப்பட்ட மாலை தம்பி அப்புவின் கையில் கிடைக்கிறது. யாருக்கும் காட்டாமல் குளத்தில் எறிகிறான். பாசி விலகி மறுபடி மூடிக்கொள்கிறது. எனக்கு அது விசர்ஜனக் காட்சிதான். ரே அப்படி எங்கும் சொல்லவில்லை, சொல்லாததுதான் நல்லது.

சப்தமி, பாபுகாட், ஷோபாபஜார்

விடியும் முன்பே ஹூக்ளிக் கரையில் டாக் மேளம். வாழைக்கன்றைத் தோளில் சுமந்து வந்து குளிப்பாட்டி, சிவப்புக் கரை வெள்ளைப் புடவை கட்டி, தலையில் முக்காடு போட்டுத் திரும்பக் கொண்டுபோகிறார்கள். ஒன்பது செடிகள் சேர்ந்த நவபத்ரிகை அது, பூஜைக்குள் வந்துவிட்ட பழைய விளைச்சல் தெய்வம். ஆனால் மக்களுக்கு அவள் கலா பௌ, வாழை மருமகள். பிள்ளையார் பக்கத்தில் நிறுத்துவதால் பிள்ளையாரின் மனைவி என்றே ஆகிவிட்டாள்.

இங்கே நம்மூர்க்காரர் யாருக்கும் தலை சுற்றும். பிள்ளையாருக்குக் கல்யாணம் ஆகிவிட்டது, முருகனுக்கு ஆகவில்லை! கார்த்திக் என்ற பெயரில், முறுக்கிய மீசையோடு, ஜரிகை வேட்டியில் மைனர் மாதிரி நிற்கிறான். வள்ளி தெய்வானையைப் பற்றி எதிரில் இருந்த பெரியவரிடம் சொன்னேன். "ரெண்டா?" என்று கேட்டுவிட்டுச் சிலையை ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

ஷோபாபஜார் அரண்மனை பூஜை 1757இல், பிளாசிப் போர் முடிந்த கையோடு நபகிருஷ்ண தேவ் தொடங்கியது. ராமன் துர்கையை ‘அகாலத்தில்’ எழுப்பிய கதையை இங்கே எல்லோரும் சொல்கிறார்கள். வால்மீகியில் இல்லாதது, கிருத்திபாஸின் வங்க ராமாயணத்தில் வருவது. நூற்றெட்டுத் தாமரையில் ஒன்று குறைய, ராமன் தன் கண்ணைத் தரத் துணிகிறான். நம் கண்ணப்பர் இவர்களுக்குத் தெரிந்திருந்தால் சண்டை வந்திருக்கும்.

ரேயின் ‘ஜொய் பாபா ஃபேலுநாத்’ (1979) இந்தச் சிலைகளை வேறு விதமாகப் பார்க்கும் படம். காசியில் ஒரு வங்காளி வீடு. வயதான சிற்பி துர்கை செய்துகொண்டே சிறுவனுக்கு மகிஷாசுரன் கதை சொல்கிறார். களவு போனதாகத் தேடப்படும் பிள்ளையார் சிலையைச் சிறுவன் ஒளித்து வைத்திருக்கும் இடம், துர்கையின் சிங்கத்தின் வாய்! இவ்வளவு விளையாட்டாகச் சாமியைக் கையாள ஒரு நம்பிக்கை வேண்டும்.

அஷ்டமி, பேலூர் மடம்

தக்ஷிணேஸ்வரத்திலிருந்து படகில் பேலூர். கூட்டத்தைப் பற்றி எழுதி மாளாது. குமாரி பூஜையைத் தூரத்திலிருந்துதான் பார்க்க முடிந்தது. சிவப்புப் பட்டு, கிரீடம், பாதத்தில் ஆல்தா என்ற சிவப்புச் சாயம். ஐந்தாறு வயதுச் சிறுமி. துறவிகள் அவளை உட்கார வைத்து, மலர் இட்டு, தீபம் காட்டுகிறார்கள். விவேகானந்தர் 1901இல் இங்கே தொடங்கி வைத்த வழக்கம். அதற்கு முன் 1898இல் காஷ்மீரில் ஒரு முஸ்லிம் படகோட்டியின் சிறு மகளை அவர் இப்படி வணங்கியதாகச் சொல்வார்கள். அந்தத் துணிச்சல் பிறகு எவ்வளவு தூரம் வந்தது என்பது வேறு பேச்சு.

தீபம் காட்டும்போது அந்தக் குழந்தை பெரிதாக ஒரு கொட்டாவி விட்டது. கூட்டம் ‘ஜெய் மா’ என்றது. எனக்கு அப்போதே ‘தேவி’ ஓடத் தொடங்கிவிட்டது.

முந்தைய நாட்களில் போட்ட பதிவுகளைப் படித்த சிலர் ‘தேவி’யின் கதை கேட்டிருந்தார்கள். பிரபாத் குமார் முகோபாத்யாய் எழுதிய சிறுகதை. அவருக்குக் கருவைக் கொடுத்தவர் தாகூர். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜமீன் வீடு. மாமனார் காளிகிங்கர் (சபி பிஸ்வாஸ்) காளி பக்தர். மகன் உமாபிரசாத் (சௌமித்ர சாட்டர்ஜி) கொல்கத்தாவில் இங்கிலீஷ் படிக்கிறான். மருமகள் தயாமயி. ஷர்மிளா தாகூர் அப்போது பள்ளிச் சிறுமிதான். ஒரு ராத்திரி கிழவர் கனவில் தேவியின் மூன்று கண்கள் இருளில் மிதந்து வந்து மருமகளின் முகமாகின்றன. விடிந்ததும் போய் அவள் காலில் விழுகிறார்.

அந்தக் காட்சியை ரே எடுத்திருக்கும் விதம் இருக்கிறதே! தயாமயி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறாள். கால் விரல்கள் கூசி மடங்குகின்றன. பெற்ற தகப்பனைப் போல் நினைத்துப் பணிவிடை செய்த கிழவர் காலடியில் கிடக்கிறார், பெண்ணுக்கு ஒளிய இடம் இல்லை. அவள் மறுத்துச் சொல்ல அந்த வீட்டில் இடமே இல்லை. அப்புறம் சாகக் கிடந்த ஒரு பிள்ளை அவள் முன் வைக்கப்பட்டுக் கண் திறக்கிறது. வரிசை நீள்கிறது.

கணவன் வந்து ராத்திரியோடு ராத்திரியாக அவளை ஆற்றங்கரைக்குக் கூட்டிப் போகிறான், தப்பித்துவிடலாம் என்று. கரையில், ஆற்றில் விட்ட ஒரு சிலையின் கூடு ஒதுங்கிக் கிடக்கிறது. மண் கரைந்துபோய் வைக்கோலும் மூங்கிலும் மட்டும். அதைப் பார்த்ததும் அவள் நின்றுவிடுகிறாள். ஒருவேளை நான் தேவியாகவே இருந்தால்? திரும்பிப் போகிறாள். மூடநம்பிக்கையைச் சாடும் படம் என்று இதை எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அது போதாது. மற்றவர்கள் ஏற்றிய நம்பிக்கை அவளுக்குள்ளேயே இறங்கிவிட்ட நொடி அது. மாமனாரை எதிர்க்கலாம், கணவனோடு ஓடலாம், உள்ளே புகுந்துவிட்ட சந்தேகத்தை என்ன செய்வது? கடைசியில் அந்த வீட்டுக் குழந்தைக்கே காய்ச்சல் வருகிறது. வைத்தியரை விட்டுவிட்டு அவள் மடியில் போடுகிறார்கள். குழந்தை பிழைக்கவில்லை. தயாமயியின் புத்தி பேதலித்துவிடுகிறது.

படம் வந்தபோது, ரே உருவ வழிபாட்டை ஏற்காத பிரம்ம சமாஜக் குடும்பத்துக்காரர், அதனால்தான் இந்து மதத்தைத் தாக்குகிறார் என்று முணுமுணுத்தார்கள். படத்தில் காளி யாரையும் ஒன்றும் செய்யவில்லை, பேசாமல் நிற்கிறாள். நம்மூர் அம்மன் படங்களில் பெண்ணுக்குக் கஷ்டம் என்றால் திரிசூலம் பறந்து வரும், வில்லன் சாம்பல். வங்கத்தின் இந்தப் படங்களில் தேவி யார் பக்கமும் பேசுவதில்லை. அவள் பெயரில் மனிதர்கள்தான் எல்லாவற்றையும் செய்கிறார்கள்.

‘தேவி’யும் ‘ஜல்சாகர்’ படமும் எடுத்த மாளிகை முர்ஷிதாபாத் பக்கம் நிம்திதாவில், கங்கைக் கரையில் இருக்கிறது. இந்தக் கூட்டத்தில் போய் வர நேரம் இல்லை.

நவமி, பிஜய்கட்

நண்பர் வீட்டில் சாப்பாடு. நேற்று சைவம் என்பதால் இன்று ஆட்டுக்கறி. நண்பரின் அம்மாவை எல்லோரையும் போல நானும் மாஷிமா என்று கூப்பிட்டேன். ஒரு காலைப் பலகையில் ஊன்றி உட்கார்ந்து பொட்டியில் கத்தரிக்காய் நறுக்கினார். நம் அரிவாள்மணையேதான்.

பிஜய்கட் அகதிகள் கட்டிய பகுதி. இரண்டாம் உலகப்போர் காலத்து ராணுவ முகாம் ஒன்று காலியாகக் கிடந்தது. 1947க்குப் பிறகு கிழக்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள் அதில் குடியேறினார்கள். மாஷிமா பரிசாலில் பிறந்து கைக்குழந்தையாக வந்தவர்.

ரித்விக் கட்டக் இப்படி ஒரு காலனியைத்தான் ‘மேகே டாகா தாரா’வில் (1960) காட்டினார். அவரும் கிழக்கு வங்கக்காரர், டாக்காவில் பிறந்தவர். நீதா டியூஷன் எடுத்து, பிறகு வேலைக்குப் போய் வீட்டைக் காப்பாற்றுகிறாள். அண்ணனுக்குச் சங்கீதம், தங்கைக்குப் புடவை, தம்பிக்கு ஷூ. காதலன் தங்கையைக் கட்டிக்கொள்கிறான். நீதாவுக்குக் காசநோய் வருகிறது.

அவள் பிறந்தது ஜகத்தாத்ரி பூஜையன்று என்று படத்தில் ஒரு வார்த்தை வரும். உலகைத் தாங்குபவள் ஜகத்தாத்ரி. பங்கிம் சந்திரரின் ‘ஆனந்தமடம்’ (1882) நாட்டைத் தாயாகக் காட்டும்போது மூன்று உருவங்களை வைத்தது. முன்பு இருந்த தாய் ஜகத்தாத்ரி, இப்போது இருக்கும் தாய் எல்லாம் பறிகொடுத்த காளி, இனி வரப்போகும் தாய் பத்துக் கை துர்கை. ‘வந்தே மாதரம்’ அந்த நாவலில்தான் இருக்கிறது. அந்தக் கனவு பலித்துச் சுதந்திரம் வந்தபோது தாயே இரண்டாக வெட்டுப்பட்டிருந்தாள். அந்த வெட்டுக்கு இந்தப் பக்கம் வந்து விழுந்த குடும்பத்தின் மூத்த மகளுக்கு ஜகத்தாத்ரி நாளைப் பிறந்த நாளாகத் தருகிறார் கட்டக். தாங்குகிறாள், தாங்குகிறாள், ரத்தம் கக்குகிறாள்.

இன்னொன்று அந்தப் பாட்டு. உமையை மகளாக அழைத்து மடியில் ஏந்தும் கிராமத்துப் பாட்டு, பெண்ணைப் புகுந்த வீட்டுக்கு அனுப்பும் துயரம் கலந்தது. நீதா வரும் இடங்களில் படத்தின் ஒலியில் அது வந்து வந்து போகும். அவள் போகப்போவது எந்தப் புகுந்த வீட்டுக்கும் இல்லை, ஷில்லாங் மலையில் ஒரு காசநோய் மருத்துவமனைக்கு. மலையில் இருப்பவன் சிவன்தானே, கட்டக்கின் கணக்கு அது. ஆனால் அந்த மலையில் நின்று அவள் அண்ணனிடம் கத்துவது, "அண்ணா, நான் வாழணும்னு ஆசைப்பட்டேன்!" உமை எங்கும் அப்படிக் கத்தியதாகப் புராணம் இல்லை.

"படம் பார்த்து அழுதீங்களா?" என்று மாஷிமாவிடம் கேட்டேன்.

"என் பெரியக்காவும் டியூஷன் எடுத்துத்தான் எங்களைப் படிக்க வெச்சா. அவளுக்குக் காசநோய் வரலை. கல்யாணமும் வரலை" என்றார். நண்பர் பேச்சை மாற்றினார்.

இரவு தெருப் பந்தலில் பழைய பாடல்கள் போட்டார்கள். உமையின் தாய் மேனகை, நவமி இரவே விடிந்துவிடாதே என்று கெஞ்சும் பாட்டுகள். பக்கத்திலேயே ஐஸ்கிரீம் வண்டியின் மணி.

தசமி, பாஜே கதம்தலா காட்

காலையில் சிந்தூர் கேலா. சுமங்கலிகள் துர்கைக்கு வெற்றிலை இனிப்பு ஊட்டி, குங்குமம் பூசி, பிறகு ஒருவர் முகத்தில் ஒருவர் பூசிக்கொள்கிறார்கள். அழகுதான். விதவைகளுக்கு இதில் மரபாக இடம் இல்லை, இப்போது சில பந்தல்களில் சேர்த்துக்கொள்கிறார்கள். ‘கஹானி’ (2012) படத்தின் உச்சக்கட்டம் இந்த நாளில்தான் நடக்கும். சிவப்புக் கரை வெள்ளைப் புடவையில் வித்யா பாலன் பழி முடித்துவிட்டுக் குங்குமக் கூட்டத்தில் மறைந்துபோவார். விறுவிறுப்பான படம், ஆனால் அங்கே துர்கை கதாநாயகியின் உடைக்கு மேல் ஏறவில்லை. ரேயும் கட்டக்கும் செய்ததோடு வைத்துப் பார்த்தால் அது எளிய வேலை.

மாலையில் ஆற்றங்கரை. ஒவ்வொரு சிலையாக வந்து, சுற்றி, தண்ணீருக்குள் இறங்குகிறது. "ஆஷ்சே போச்சோர் ஆபார் ஹோபே", அடுத்த வருஷம் மறுபடி நடக்கும். அந்தக் கோஷம் அடங்கும் முன்பே மாநகராட்சிக் கிரேன் சட்டத்தைக் கொக்கி போட்டு இழுத்து மேலே வைக்கிறது, ஆறு கெடக்கூடாது என்று. அவசியமான ஏற்பாடு. வைக்கோல் வெளியே நீட்டிக்கொண்டிருந்த ஒரு குவியலைப் பார்த்தபோது, தயாமயி இன்று தப்பித்து ஓடினால் கரையில் அவளைத் தடுக்க ஒன்றும் மிஞ்சியிருக்காது என்று தோன்றியது.

ஏகாதசி, கோரமண்டல் எக்ஸ்பிரஸ்

ஷாலிமாரில் பிற்பகல் ஏறினோம். கரக்பூர் தாண்டி, ஒடிசாவுக்குள் நுழைந்ததும் பொழுது சாயும் நேரத்தில் ரயில் சுவர்ணரேகாவைக் கடந்தது. அகலமான மணல், நடுவே கொஞ்சம் தண்ணீர்.

கட்டக்கின் ‘சுவர்ணரேகா’ (1965) இந்த ஆற்றின் மேற்குப் பக்கத்து ஊர்களில் நடப்பது. கைவிடப்பட்ட விமான ஓடுதளத்தில் சிறுமி சீதா தனியாக விளையாடிக்கொண்டிருப்பாள். திடீரென்று எதிரில் காளி. நாக்கு நீட்டிய, கறுத்த காளி. அலறிவிடுவாள். அது பகுரூபி, வேஷம் போட்டுப் பிழைக்கும் ஒரு ஏழை மனிதன்தான். போர் விமானங்கள் எழும்பிய ஓடுதளத்தில் காளி வந்து நிற்பதற்கு விளக்கம் தேவையில்லை. பிற்பாடு நடப்பதுதான் தாங்க முடியாதது. அண்ணன் ஈஸ்வர் குடித்துவிட்டுக் கொல்கத்தாவில் ஒரு பெண்ணிடம் போகிறான். அவள் அவன் வளர்த்த தங்கை சீதா. சீதா கையில் எடுப்பது பொட்டி, மாஷிமா கத்தரிக்காய் நறுக்கிய அதே அரிவாள்மணை. சீதா, அவள் மணந்த அபிராம், அபிராமின் தாய் கௌசல்யா என்று பெயரெல்லாம் ராமாயணத்திலிருந்து. அபிராம் தாழ்த்தப்பட்ட சாதி என்று தெரிந்த நாளிலிருந்து ராமாயணம் நடக்க விடாமல் தடுத்ததே அந்த அண்ணன்தான். பூமி பிளந்து சீதையை ஏற்கவில்லை, ஒரு ஒண்டுக்குடித்தனத் தரைதான் ஏற்றது.

விளக்கணைத்த பிறகு வங்க எழுத்தாளர் மகாஸ்வேதா தேவியின் கதைகளை எடுத்தேன். ‘ஸ்தனதாயினி’ கதையின் யசோதா பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் பால் கொடுத்து வளர்த்தவள். மார்பில் புற்றுநோய் வந்து ஒரு பிள்ளையும் பக்கத்தில் இல்லாமல் சாகிறாள். இதுவும் தயாமயி, நீதா வரிசைதான்.

‘திரௌபதி’ அந்த வரிசையில் நிற்காது. சந்தால் பெண் டோப்தி மெஜன், போராளி. பிடிபடுகிறாள். ராணுவ அதிகாரி சேனாநாயக் உத்தரவுப்படி இரவு முழுக்க அவளைச் சிதைக்கிறார்கள். விடிந்ததும் கட்டிக்கொள்ளத் துணி கொடுக்கிறார்கள். அவள் அதைக் கிழித்தெறிந்துவிட்டு நிர்வாணமாக அந்த அதிகாரியை நோக்கி நடக்கிறாள். ஆயுதமில்லாத ஒரு எதிரியின் முன் அவனுக்கு முதல் தடவையாகப் பயம் வருகிறது.

நான் செஞ்சிப் பக்கத்துக்காரன். எங்கள் ஊர்களில் திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்தில் துகிலுரியும் கட்டம் வந்தால் சனங்கள் எழுந்து கற்பூரம் ஏற்றுவார்கள். துச்சாதனன் வேஷக்காரர் முதலில் அம்மனைக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டுக்கொள்வார். கண்ணன் புடவை கொடுத்துவிடுவான் என்று தெரிந்துதான் அத்தனை பேரும் உட்கார்ந்திருப்போம். மகாஸ்வேதா கண்ணனை வரவிடவில்லை. டோப்தி யாரையும் கூப்பிடவும் இல்லை.

தயாமயிக்கும் நீதாவுக்கும் இந்த நடை கிடைக்கவில்லை. அந்தப் படங்கள் 1960இல் வந்தவை, இந்தக் கதை தொகுப்பில் வந்தது 1978இல். நடுவில் வங்கத்தில் நக்சல்பாரி விவசாயிகள் எழுச்சி நடந்திருந்தது.